பால்மரம் நின்ற நிலத்தில் டயர் தேடி

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் போனால் ரப்பர் விளை இல்லாத ஊரைப் பார்க்க முடியாது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். சிரட்டையில் சொட்டிய பாலைச் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகையில் உலர்த்தி வியாபாரியிடம் போடுவார்கள். எங்கள் கணக்கு அத்தோடு முடிந்துவிடும். அந்த ஷீட் எந்த ஆலைக்குப் போகிறது, எந்த வண்டியின் அடியில் போய்ச் சேர்கிறது என்று ஊரில் யாரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரித்ததில்லை.

மலேசியாவுக்குப் போனது சித்தப்பா குடும்பத்தைப் பார்க்க. தாத்தாவின் தம்பி பிழைப்புக்காகக் கப்பலேறியவர். அவருடைய மகன் எனக்குச் சித்தப்பா. கிள்ளானில் இருக்கிறார். துறைமுகத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறார். நான் போன சமயம் அந்த வண்டிக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டியிருந்தது. “ரப்பர் ஊர்க்காரன் வந்திருக்கே, கூட வா. நாலு கடை ஏறி இறங்கலாம்” என்றார். அப்படித்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு டயர்ப் பயணம் அமைந்தது.

பிரிக்பீல்ட்ஸ்

1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரை அழித்தன. இனி மரத்தாலும் ஓலையாலும் கட்டக் கூடாது, செங்கல்லால் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பின்னால் ரயில்வே பணிமனையும் தொழிலாளர் குடியிருப்பும் வந்தன. தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், நிலையத்தில் கணக்கு எழுதியவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். இரண்டு கூட்டத்தாரின் கோயில்களும் இன்றும் நடை தூரத்தில் இருக்கின்றன. 2010இல் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்த தெருவில் பூக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, பாட்டுச் சத்தம் எல்லாம் உண்டு.

சித்தப்பா மகன், என் தம்பி, அங்கே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனான். மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய், மோர் மிளகாய், அப்பளக் குவியல், தடித்த மீன் குழம்பு. நம்மூர்ச் சாப்பாட்டில் கூட்டும் பொரியலும் முறை வைத்து வரும். இங்கே எல்லாம் ஒரே வீச்சில் இலைக்கு வந்துவிடுகிறது. தமிழர் மட்டும் சாப்பிடவில்லை. பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் கையால் பிசைந்து சாப்பிட்டது. எதிரில் மலாய்ப் பெண்கள் ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்தார்கள். ஒரு சாப்பாடு ஒரு நாட்டுக்கே பொதுவாகிவிட்டதை அந்தக் கடையில் பார்த்தேன். மனம் நிறைந்தது.

வெளியே வந்தபோது சாலையோரம் வரிசையாகப் பிக்கப்புகள். பாதி வண்டிகளுக்குப் பெரிய கட்டை கட்டையான மண் டயர். நம்மூரில் பட்டன் டயர் என்போமே, அதன் பெரிய அண்ணன். ஒரு வண்டியின் டயரில், அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டி நிற்கும் மெல்லிய ரப்பர் முடிகள் பக்கச் சுவரில் அப்படியே இருந்தன. வாங்கி மாதங்கள் ஆகியிருக்கும் என்று வண்டியின் தூசி சொன்னது. அந்த டயர் சேற்றைப் பார்த்ததில்லை.

“நம்ம வண்டிக்கும் இதைத்தான் போடணும் அண்ணே. அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறாரு” என்றான் தம்பி.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போகும்போது சாலைக்கு மேலே ஒரு பெரிய வளைவு வருகிறது. சிலாங்கூர் மாநிலம் தன் தலைநகரான கோலாலம்பூரை 1974இல் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்ததன் நினைவாகக் கட்டியது, 1982இல் முடிந்தது. அந்த வளைவைத் தாண்டினால் சிலாங்கூர். விட்டுக்கொடுத்த தலைநகருக்கு ஈடாக, ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலத்தில் எழுப்பிய நகரம்தான் ஷா ஆலம்.

கிள்ளான்

சித்தியின் வீட்டில் முதல் நாள் இரவு மரச்சீனிக் கிழங்கு அவித்து, நெத்திலிச் சம்பலோடு வைத்தார்கள். குமரிக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதைச் சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். “எங்கப்பா சாகுற வரைக்கும் இதத் தொட மாட்டாரு” என்றார். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்து நின்றுபோனது. ரப்பருக்கு வாங்க ஆளில்லை. தோட்டத்து மக்கள் ஆண்டுக் கணக்கில் கிழங்கைத் தின்றே உயிர் வாழ்ந்தார்கள். எங்களுக்கு விருந்தான ஒரு பொருள் கடல் கடந்துபோய்ப் பஞ்சத்தின் நினைவாகிவிட்டது.

சின்னத் தாத்தா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போன ஆள். இந்திய அரசு 1938இல் அந்த ஆள் பிடிப்பைத் தடை செய்வதற்குக் கொஞ்சம் முன்னால் போனவர். கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு மரம், மதியத்துக்குள் பால் எடுப்பு, ஒட்டுப்பால் உரிப்பு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய போராட்டம். கூலி உயர்வு கேட்டார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்து சுட்டது, ஆட்கள் செத்தார்கள்.

இதைச் சித்தப்பா சொல்லும்போது எனக்கு அந்தச் சைக்கிள் டயர்தான் கண்ணில் நின்றது. அந்த டயருக்கான பாலை வெட்டிக் கொடுத்தவன், அதன்மேல் உட்கார்ந்து போகும் உரிமைக்காகத் துப்பாக்கி முன் நிற்க வேண்டியிருந்தது. கிள்ளானுக்கு ரயில் வந்த வரலாற்றை எழுதுகிறார்கள் (1886இல் ஆற்றின் இக்கரைவரை வந்து, 1890இல் பாலம் கட்டி அக்கரை சேர்ந்தது). 1901இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை எழுதுகிறார்கள். ரப்பர் கப்பலேறிய அந்தத் துறைமுகம் இன்று கிள்ளான் துறைமுகம். சைக்கிள் கோரிக்கையையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

காலையில் ரொட்டி சானாய், தே தாரிக் தேநீர். சாலையோரக் கடையில் உட்கார்ந்தபடி சித்தப்பா தன் வண்டியின் வாழ்க்கையைச் சொன்னார். வார நாட்களில் ஷா ஆலம் கடைகளுக்கு இரும்புச் சாமான் ஏற்றிப் போகும். பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடும். வார இறுதியில் ஈஜோக் பக்கம் அவருக்குள்ள சின்னச் செம்பனைத் தோட்டத்துக்குப் போகும், குலை ஏற்றி வரும். நூறு கிலோமீட்டர் ஓடினால் தொண்ணூறு தாரில், பத்து மண்ணில். மழைக்காலத்தில் அந்தப் பத்துதான் தொல்லை.

“தாருக்குப் பாத்து வாங்குனா தோட்டத்துல மாட்டிக்குவேன். தோட்டத்துக்குப் பாத்து வாங்குனா மழையில ரோட்டுல வழுக்கும். சொல்லு, எத வாங்குறது?”

எனக்கு அப்போது விடை தெரியவில்லை. தெரிந்துகொண்ட இடம் ஷா ஆலம்.

ஷா ஆலம்

1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஊர். முன்பு சுங்கை ரெங்கம் என்று அழைத்த தோட்டப் பகுதி. தெருப் பெயரைவிடப் பகுதி எண் முக்கியம்: செக்‌ஷன் 2, செக்‌ஷன் 7, செக்‌ஷன் 15 என்றுதான் வழி சொல்கிறார்கள். அகன்ற சாலை, பெரிய வட்டச் சந்திகள், நிழல் மரங்கள். 1988இல் கட்டி முடித்த நீலப் பள்ளிவாசலின் குவிமாடம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிகிறது. குலசேகரத்துச் சந்தையில் தோளோடு தோள் இடித்து நடந்தவனுக்கு இத்தனை இடம் முதலில் வெறிச்சென்றிருந்தது.

தோட்டம் முழுதாகப் போய்விடவில்லை. மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஷா ஆலத்துக்குள்ளே நடக்கிறது. எபோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி பத்து தீகாவில் நடக்கிறது. மரம் இல்லை, லயம் இல்லை, கங்காணி இல்லை. பள்ளிப் பலகையில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு தமிழ் படிக்கப் போகிறார்கள்.

சித்தப்பாவின் ஹைலக்ஸும் ஷா ஆலமில் பாகங்களைப் பூட்டி உருவாக்கிய வண்டிதான். மலேசியாவின் முதல் சொந்தக் கார் புரோட்டான் சாகா 1985இல் வெளிவந்ததும் இந்த ஊரிலிருந்தே. டயரும் இங்கே தயாரானது: குட்இயர் ஆலை 1972 முதல் ஷா ஆலமில் இயங்கியது. 2024 ஜூன் 30ஆம் தேதியோடு மூடினார்கள், 550 பேர் வேலை இழந்தார்கள். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு மலேசியா. அந்த இடத்தைத் தாய்லாந்து பிடித்துவிட்டது, ரப்பர் நின்ற மண்ணில் செம்பனை நிற்கிறது. நம் பக்கத்தில், 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கி 1961இல் டயர் ஆலையாக வளர்ந்த எம்.ஆர்.எஃப். இன்றும் ஓடுகிறது. எங்கள் ஷீட்டை வாங்க இன்னும் ஆள் இருக்கிறது என்பதன் மதிப்பு எனக்கு ஷா ஆலமில்தான் உறைத்தது.

தொழிற்பேட்டைக்குள் ஒரு டயர்க் கடை. தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனப் பெரியவர். சித்தப்பாவோடு மலாயில் பேசினார், என்னிடம் “சாப்டாச்சா?” என்று தமிழில் கேட்டார். டயர் கழற்றி மாட்டும் தலைமை ஆள் தமிழர், நாற்பது வயது இருக்கும். சித்தப்பா எடுத்த எடுப்பில் விலையைக் கேட்டார். அவர் விலை சொல்லவில்லை.

“அங்கிள், வண்டி எங்க ஓடுது? அதச் சொல்லுங்க மொதல்ல.”

சித்தப்பா தொண்ணூறும் பத்தும் சொன்னார். அவர் மூன்று டயரை உருட்டி வந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

முதலாவது எச்டி, நெடுஞ்சாலை டயர். நீளவாக்கில் வரிவரியான பள்ளம், தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். தாரில் சத்தமில்லாமல் ஓடும், எரிபொருள் மிச்சமாகும். ஈரமண்ணில் பிடிப்பு கிடையாது. மூன்றாவது எம்டி, சேற்று டயர். தடித்த கட்டைகள், நடுவே விரல் நுழையும் இடைவெளி. சக்கரம் சுழலும் வேகத்தில் இடைவெளியில் சிக்கிய சேறு தெறித்து வெளியே விழும், அடுத்த சுற்றில் கட்டை மறுபடி மண்ணைக் கடிக்கும். தாரில் அந்தக் கட்டைகள் மட்டும்தான் சாலையைத் தொடுகின்றன. தொடுகிற பரப்பு குறைவு. நனைந்த சாலையில் பிரேக் போட்டால் நிற்க அதிக தூரம் எடுக்கும், இரைச்சலும் உண்டு. நடுவில் நின்றது ஏடி, எல்லாத் தரைக்குமான டயர். கட்டைகள் உண்டு, நெருக்கமாகப் பின்னியிருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள். ஈரச் சாலையில் பிடிப்பைக் கொடுப்பவை அந்தக் கீறல்கள்தான்.

தம்பி எம்டி பக்கமே நின்றான். அவன் கையில் இருந்தது, தைப்பிங்கில் ஆலை வைத்த சில்வர்ஸ்டோன் நிறுவனத்தின் எம்டி-117 எக்ஸ்ட்ரீம். 2010இல் ஜப்பானின் டோயோ வாங்கிய மலேசிய நிறுவனம் அது. காட்டுப் பாதைப் பந்தயக்காரர்களிடம் பெயர் பெற்ற டயர். லூயிஸ் வீ 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் பந்தயம் ஆண்டுக் கடைசியில், பருவமழை கொட்டும் காலம் பார்த்து மலேசியக் காட்டுக்குள் நடக்கும். வின்ச் கயிறு கட்டி வண்டியை இழுத்து, இடுப்பளவு சேற்றில் நின்று ஓட்டுவார்கள். 2014 முதல் கோவாவிலும் அதன் இந்தியப் பதிப்பு நடக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் எம்டி கேட்பதில் வியப்பில்லை.

டயர்க்காரர் அவனை மட்டம் தட்டவில்லை. “நல்ல டயர் தம்பி. காட்டுல இது இல்லாம போகாதீங்க. ஆனா அப்பா தெனமும் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு மழையில ஹைவேல போறாரு. நீங்களே யோசிங்க” என்றார். மதியத்துக்கு மேல் அடிக்கடி மழை கொட்டும் ஊர் இது. தம்பி ஒன்றும் பேசவில்லை, டயரைக் கீழே வைத்தான்.

அடுத்து டயரின் பக்கச் சுவரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஹைலக்ஸின் அளவு 265/65ஆர்17. அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். 65ஐ 70 ஆக்கினால் டயரின் உயரம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகும். வண்டி தரையிலிருந்து 13 மில்லிமீட்டர் எழும்பும். ஆனால் முள் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய சக்கரத்தைச் சுழற்ற எஞ்சினும் கூடுதலாக உழைக்கும். அளவின் பின்னால் வரும் 112 என்ற எண் சுமைக் குறியீடு, ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். செம்பனைக் குலை ஏற்றுகிறவர் இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. எல்டி என்று தொடங்கும் கனரக வகையில் 121 வரை இருக்கும், அது 1,450 கிலோ. பக்கச் சுவர் தடிப்பு, கல் குத்தினாலும் எளிதில் கிழியாது. வெற்று வண்டியாக ஓட்டினால் உடம்பு குலுங்கும்.

கடைசியாக ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். 2423 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் தயாரானது. விலை மலிவாகக் கிடந்த ஒரு ஜோடியை அவரே புரட்டிப் பார்த்துவிட்டு, “இது பழசு அங்கிள், ஓடலன்னாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும்” என்று ஒதுக்கினார். தவுக்கேயும் தலையாட்டினார். விற்கிற இடத்தில் அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது.

அங்கே தன் வண்டிக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், டயர் ஆலையில் ஆயுளைக் கழித்தவர், நான் குலசேகரம் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கார் டயரைவிட லாரிக்கும் காட்டு வண்டிக்கும் போடும் டயரில் இயற்கை ரப்பர் அதிகம் என்றார். சுமையில் சுழலும்போது சூடு குறைவாக ஏறும், கல்லில் கிழியாமல் தாங்கும், அந்தக் குணம் செயற்கை ரப்பருக்கு முழுதாக வரவில்லை. கறுப்பு நிறம் கரித்தூளால் வருவது, அது இல்லாவிட்டால் டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் உறுதிப்படும் என்று 1839இல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். குட்இயர் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி வந்தது 1898இல், அவர் இறந்து பல்லாண்டு கழித்து. “மரத்துல வெட்டுனது எங்கம்மா. ஆலையில அச்சுல போட்டது நானு” என்றார் பெரியவர். பேசி முடிக்குமுன் அவருடைய வண்டி தயாராகிவிட்டது.

நான்கு ஏடி டயர், பழைய அளவே, சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையாமல். சித்தப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

ஸ்ரீ மூடா

திரும்பும் வழியில் செக்‌ஷன் 25இல் தாமான் ஸ்ரீ மூடாவில் ஓர் உறவுக்காரர் வீடு. 2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழையில் கிள்ளான் ஆற்றுப் பக்கத்திலிருந்த இந்தக் குடியிருப்பு மூழ்கியது. ஒற்றை மாடி வீடுகளில் இருந்தவர்கள் கூரைக்கு ஏறினார்கள். உதவி வரத் தாமதமான வேளையில், படகு வைத்திருந்தவர்களும் நான்கு சக்கர உந்து வண்டி வைத்திருந்தவர்களும் தாங்களாக வந்து ஆட்களை மீட்டார்கள்.

அந்த வீட்டு அத்தை சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கை தூக்கிக் காட்டினார். என் தலைக்கு மேலே இருந்தது. “தண்ணி இருக்கும்போது படகுதான். தண்ணி வடிஞ்சப்புறம்தான் பிக்கப்பு” என்றார். நான் வாங்கிய பாடங்களில் இது முக்கியமானது. ஆழமான தண்ணீரில் டயர் எதுவானாலும் வண்டிக்கு ஒரு எல்லை உண்டு. ஃபோர்டு தன் ரேஞ்சர் பிக்கப்புக்குச் சொல்வது 800 மில்லிமீட்டர். அதற்கு மேல் எஞ்சின் தண்ணீர் குடிக்கக்கூடும். தண்ணீர் வடிந்தபின் தெருவில் முழங்கால் அளவு வண்டல் படியும், சாய்ந்த அலமாரியும் நனைந்த மெத்தையும் குறுக்கே கிடக்கும். அரிசி மூட்டையும் குடிதண்ணீரும் உள்ளே கொண்டுபோவது அப்போதுதான். டயரில் கட்டை தேவைப்படுவதும் அப்போதுதான். அலங்காரத்துக்கு என்று நான் எண்ணிய பிரிக்பீல்ட்ஸ் டயர்களில் சில இந்தத் தெருவுக்கும் வந்திருக்கக்கூடும். அத்தை பால் விடாத தேநீர், தே ஓ, போட்டுக் கொடுத்தார்.

ஈஜோக்

ஷா ஆலமிலிருந்து வடமேற்கே போனால் கட்டடம் குறைந்து செம்பனை தொடங்குகிறது. வரிசை வரிசையாக, முடிவில்லாமல். ரப்பர்க் காட்டுக்குள் வெளிச்சம் இலை வழியே அசைந்து விழும். செம்பனைக்குள் இருட்டு அசையாமல் நிற்கிறது. எனக்கு அந்தக் காடு பிடிக்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன், அதில் வாழ்கிறவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை.

முந்திய இரவு மழை. தோட்டத்துக்குள் திரும்பும் பாதை சாம்பல் நிறக் களிமண், கரையோரச் சிலாங்கூரின் மண். எங்கள் ஊர்ச் செம்மண் நனைந்தால் வழுக்கும், ஆனால் கல் கலந்திருப்பதால் டயருக்குப் பிடி கிடைக்கும். இந்தக் களி ஒட்டிக்கொள்கிறது. வாய்க்கால் மேட்டுக்கு வருமுன் ஏடி டயரின் பள்ளங்கள் முழுக்க அடைபட்டு, டயர் மழமழவென்று ஆகிவிட்டது. சித்தப்பா நிறுத்தி இறங்கினார். நான்கு டயரிலும் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினார். டயர் தொய்ந்து தரையோடு நீளமாகப் படிந்தது. அகலத்தைவிட அந்த நீளம்தான் பிடிப்பைக் கூட்டுகிறது. நான்கு சக்கர உந்துதலைப் போட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஒரே சீராக ஏற்றினார். வண்டி ஏறிவிட்டது. காற்றை இதற்கும் கீழே இறக்கினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும் என்றார். தாருக்குத் திரும்புமுன் மறுபடி நிரப்பக் கையடக்கக் கம்ப்ரசர் ஒன்று இருக்கைக்கு அடியில் இருந்தது.

கடைசி வரிசையில் தாழ்வான இடத்துக்கு ஏடி போதவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர், அவரும் தமிழர், எம்டி போட்ட பழைய இசுசு பிக்கப்பில் வந்து அந்தக் குலைகளை ஏற்றி வெளியே கொண்டுவந்தார். அவருடைய டயர் சேற்றை அள்ளிப் பின்னால் வீசியபடி போனது. அவர் தினமும் இதே பாதையில் ஓட்டுகிறவர், நெடுஞ்சாலைக்கு அபூர்வமாக ஏறுகிறவர். அந்த வண்டிக்கு எம்டிதான் சரி. தம்பிக்கு அதைப் பார்த்ததில் மகிழ்ச்சி, அவன் சொன்னது முழுக்கத் தப்பில்லையே.

மதியச் சாப்பாடு அவர் வீட்டில். கருவாட்டுக் குழம்பு, பெத்தாய்க் கொட்டை போட்ட சம்பல், சோறு. பெத்தாய் வாசனை பழக நேரம் வேண்டும். பழகியபின் இன்னும் கொஞ்சம் கேட்கத் தோன்றியது. அவருடைய அம்மா இளம் வயதில் பால்மரம் வெட்டியவர். வீட்டுப் பின்னால் வெட்டாமல் விட்ட சில ரப்பர் மரங்கள் நின்றன. எங்கள் ஊரில் எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டார். நான் பட்டையில் விரலால் கோடு இழுத்தேன், இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக, அரைச்சுற்று. “அதே வெட்டு” என்றார். பட்டையை மட்டும் மெலிதாகச் சீவி, மரத்தைக் காயப்படுத்தாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1890களில் ஹென்றி ரிட்லி வகுத்தார். குலசேகரத்திலும் ஈஜோக்கிலும் கத்தி ஒரே சாய்வில் இறங்குவதற்குக் காரணம் அது. பிறகு அந்த அம்மா ஷீட் இப்போது கிலோ என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். “எங்க காலத்துலயும் விக்குறவங்களுக்குத்தான் கூடும், வெட்டுறவங்களுக்குக் கூடாது” என்றார்.

ஊருக்கு வந்தபின் பேச்சிப்பாறை மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் நண்பர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர்கள் ரீட்ரெட் போட்ட டயரிலேயே காணிப் பழங்குடியினரின் குடிகளுக்கு அரிசி ஏற்றிப் போகிறவர்கள், சேறு அவர்களுக்குப் பொழுதுபோக்கு கிடையாது. டயர்ச் சுவரிலுள்ள நான்கு இலக்கத்தை அவர்களில் யாரும் படித்ததில்லை. ஒருவர் உடனே எழுந்துபோய்த் தன் ஜீப்பில் தேடினார்.

பிக்கப் வைத்திருக்கும் உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். வண்டி அதிகமும் தாரில் ஓடி, அவ்வப்போது மண்ணில் இறங்குமானால் ஏடி வாங்குங்கள், மண்ணுக்குள் போகுமுன் காற்றை இறக்குங்கள், வெளியே வந்ததும் நிரப்புங்கள். தினமும் களியில் உழைக்கும் வண்டிக்கு எம்டி வாங்குங்கள், அதை மழையில் நெடுஞ்சாலைக்கு ஏற்றும்போது மெதுவாகப் போங்கள். எதை வாங்கினாலும் சுமைக் குறியீட்டையும் தயாரித்த வாரத்தையும் உங்கள் கண்ணால் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.